ஸ்பான்சர் இல்லாத ஞாயிறு

போன ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதரை மணி. அஸ்தம்பட்டியில் ஒரு பள்ளிக்கூடத்து ஹால். இருபத்திரண்டு டாக்டர்கள் ஒரு புரொஜெக்டரைச் சுற்றி நின்றுகொண்டிருந்தார்கள்.

அவர்களில் ஒருவர் இதயத்துக்குள் ஒயர் விட்டு அடைப்பு எடுப்பவர். இன்னொருவர் முழங்கால் மூட்டைக் கழற்றிவிட்டுப் புதிது மாட்டுபவர். ஆனால் அந்தப் பெட்டிக்கு உயிர் கொடுக்கும் ஸ்விட்ச் எங்கே இருக்கிறது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. முழங்கால்காரர் மட்டும் பக்கவாட்டில் இரண்டு தட்டுத் தட்டிப் பார்த்தார். பழக்கதோஷம்.

"இதுக்கு முன்னாடியெல்லாம் நாம வந்து உக்காந்தா இது எரிஞ்சுக்கிட்டு இருக்குமே..." என்றார் ஒரு குழந்தை மருத்துவர், நிஜமான வருத்தத்தோடு.

எரிந்துகொண்டுதான் இருந்தது டாக்டர். எரிய வைக்க ஒரு மருந்துக் கம்பெனி இருந்தது. இந்த ஞாயிறு அது இல்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

விஷயத்துக்கு வருகிறேன்.

இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு என் சர்க்கரையைப் பற்றித் தெரியும். பதினைந்து வருடமாக அதைக் கட்டி மேய்த்துவருபவர் டாக்டர் சிராஜுதீன். ஏற்காடு ரோட்டை ஒட்டி கிளினிக். குடும்பமே ஜவுளி வியாபாரம். இவர் ஒருவர்தான் தப்பி வந்து டாக்டரானார். எனக்கு முதலில் டாக்டர், அப்புறம் நண்பர். ஃபீஸ் வாங்கும்போது மட்டும் மறுபடியும் டாக்டர்.

டாக்டர்கள் பட்டம் வாங்கிய பிறகும் படிக்க வேண்டும் என்று ஒரு விதி இருக்கிறது, தெரியுமா? பதிவைப் புதுப்பிக்க வேண்டுமென்றால் இத்தனை மணி நேரம் வகுப்பில் உட்கார்ந்தேன் என்று காட்ட வேண்டும். நல்ல விதி. ஆனால் வகுப்பு என்றால் ஹால் வேண்டும். ஏசி வேண்டும். பெரிய ஊரிலிருந்து பெரிய டாக்டர் ஃபிளைட்டில் வந்து இறங்க வேண்டும். மதியம் பிரியாணி வேண்டும். இதற்கெல்லாம் யார் செலவழிப்பார்கள்? படிக்கிறவர்களா? சிரிக்காதீர்கள். மாத்திரை விற்கிறவர்கள்தான்.

போன வருடம் ஏற்காட்டில் அப்படியொரு வகுப்பு நடந்தது. நானும் போயிருந்தேன். 'நோயாளியும் மருத்துவரும் மனம்விட்டுப் பேசுவது எப்படி' என்று இருபது நிமிடம் பேசச் சொன்னார்கள். பேசினேன். கைதட்டினார்கள். ஒரு டிராலி பேக் கொடுத்தார்கள், வாங்கிக்கொண்டேன். இந்தப் பத்தியில் நான் யாரையாவது குறை சொல்வதுபோல் தெரிந்தால் அந்த டிராலி பேக்கையும் சேர்த்து நினைத்துக்கொள்ளுங்கள். சக்கரம் இன்னும் அருமையாக ஓடுகிறது.

எனக்குப் பிறகு சென்னை டாக்டர் ஒருவர் சர்க்கரைக்கு வந்திருக்கும் ஒரு புது மாத்திரையைப் பற்றிப் பேசினார். அழகான படங்கள், அளவான நகைச்சுவை. அவர் சொன்னதில் ஒரு வார்த்தை பொய் கிடையாது. அதையும் சொல்லிவிட வேண்டும். கூட்டம் முடிந்ததும் பாதிப் பேர் படகுச் சவாரிக்குப் போனார்கள். சிராஜ் போகவில்லை. முன்வரிசையில் உட்கார்ந்து நோட்டில் எழுதியதைத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தார். அப்படிப்பட்ட மனிதர்.

அடுத்த மாதம் என் மருந்துச் சீட்டில் அந்தப் புது மாத்திரை வந்துவிட்டது. என் சீட்டில் மட்டுமல்ல.

பழனியம்மாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆட்டையாம்பட்டியில் ஒரு விசைத்தறிக் கூடத்தில் கூலிக்கு வேலை செய்கிறவர். ஐம்பத்தைந்து வயது இருக்கும். மாதாமாதம் எனக்கும் அவருக்கும் ஒரே நாளில்தான் டோக்கன் விழும். அதனால் பெஞ்சுப் பழக்கம். சர்க்கரைக்காரர்களுக்குள் ஒரு சொந்தம் உண்டு... ஒருத்தர் ரிசல்ட்டை இன்னொருத்தர் வாங்கிப் பார்த்துச் சந்தோஷப்படுவோம்.

ஒரு நாள் அவர்தான் ஆரம்பித்தார்.

"ஏனுங்க சாமி, உங்களுக்கும் இந்தப் புது மாத்தரைதானுங்களா?"

"ஆமாங்க."

"தெனமும் போடறீங்களா?"

"பின்னே? தினமும்தானே போடணும்?"

"நானு ஒரு நாளு உட்டு ஒரு நாளுங்க." குரலைத் தணித்துக்கொண்டார். "தெனமும் போட்டா பாதி மாசத்துலயே அட்டை தீந்து போயிருதுங்க. மறுக்கா வாங்கறதுக்குக் கூலி பத்த மாட்டீங்குது."

"டாக்டர்கிட்ட சொல்லிடுங்களேன்."

"அய்யோ, வேண்டாமுங்க. நல்ல மாத்தரைன்னு அக்கறையா எழுதிக் குடுத்திருக்காரு. முடியலீன்னு சொன்னா அவரு மனசு சங்கடப்படும். நீங்களும் சொல்லிப் போடாதீங்க சாமி."

நான் சொல்லவில்லை. மனம்விட்டுப் பேசுவது எப்படி என்று ஏற்காட்டு மலை மேல் இருபது நிமிடம் விளக்கியவன், கீழே இறங்கி வந்து வாயை மூடிக்கொண்டேன். வாக்குக் காப்பாற்றுகிறேனாம்.

சர்க்கரை ஏறியது. ஏறாதா பின்னே? ஒரு நாள் கதவு சரியாகச் சாத்தாததால் உள்ளே சிராஜ் கேட்பது பெஞ்சு வரைக்கும் கேட்டது. "மாத்திரை நல்ல மாத்திரை. அப்படியும் ஏறுதுன்னா நீங்க ஏதோ இனிப்புச் சாப்பிடறீங்கம்மா."

"ஆமாங்க... விருந்தாடி வந்தாங்கன்னு கச்சாயம் சுட்டனுங்க. நானும் ரெண்டு தின்னு போட்டனுங்க."

வெளியே வந்தவரிடம், நிஜமாகவே தின்றீர்களா என்று கேட்டேன். "எங்கீங்க? எண்ணெ விக்கற வெலைக்குக் கச்சாயமுங்களா? ஏதாச்சும் ஒன்னு சொல்லோணுமில்லீங்க" என்றார். டாக்டருடைய மாத்திரையின் மானத்தைக் காப்பாற்ற, தின்னாத கச்சாயத்துக்குத் திட்டு வாங்கிக்கொண்டார். இந்த மாதிரி தப்பை இந்தப் பக்கத்து ஜனங்கள்தான் செய்வார்கள்.

மூன்று மாதம் கழித்து அவருடைய டோக்கன் நாளில் அவர் வரவில்லை. கால் கட்டைவிரலில் புண். சர்க்கரையில் கால் மரத்துப்போய், தறிக்கூடத்தில் எதுவோ குத்தியது தெரியாமலே வேலை செய்திருக்கிறார். ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். சிராஜ் என்னிடம் பேச்சோடு பேச்சாகச் சொன்னார். "விரலை எடுக்க வேண்டி வரலாம். எனக்கு ஒண்ணு புரியலை. இந்த மாத்திரைக்குக் கட்டுப்படாம எப்படிப் போச்சு?"

சொன்னேன். ஒரு நாள் விட்டு ஒரு நாள், கூலி, கச்சாயம், எல்லாவற்றையும் சொன்னேன். என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

சட்டைப் பையிலிருந்த பேனாவை எடுத்து மேசைமேல் வைத்தார். அப்புறம், "நான் எந்தக் கம்பெனிகிட்டயும் அஞ்சு பைசா வாங்கினதில்லை. இந்தப் பேனாகூட என் காசுதான்" என்றார்.

"தெரியும் டாக்டர்."

"அதான் பயமா இருக்கு. காசு வாங்கியிருந்தா திருப்பிக் குடுத்துடலாம். படிச்சதை எப்படித் திருப்பிக் குடுக்கறது?"

அவரே தொடர்ந்தார். "அந்தம்மா முன்னாடி போட்டுக்கிட்டிருந்த பழைய மாத்திரையே அவங்களுக்குப் போதும். அளவைக் கூட்டியிருக்கலாம், நேரத்தை மாத்தியிருக்கலாம். ஆனா அந்த மாத்திரையைப் பத்தி நான் கடைசியாப் படிச்சது காலேஜ்ல. அதுக்கப்புறம் யாரும் எனக்கு அதைச் சொல்லிக் குடுக்கலை. ஏன் சொல்லணும்? அதை இப்போ எந்தக் கம்பெனி வேணாலும் தயாரிக்கலாம், அதுல லாபம் இல்லை. லாபமில்லாத மாத்திரைக்கு யாரு ஹோட்டல் புக் பண்ணுவாங்க?"

நானும் இதை யோசித்ததே இல்லை. லஞ்சம் என்றால் கவர், கவர் என்றால் மேசைக்கு அடியில் என்றுதான் நம் கற்பனை ஓடும். இங்கே கவரும் இல்லை, மேசைக்கு அடியும் இல்லை. எல்லாம் மேடை மேல், மைக் வைத்து, படம் போட்டு நடக்கிறது. பாடமே லஞ்சமாகிவிட்டால் யாரைப் பிடிப்பது?

சிராஜின் அண்ணன் காதர் கடைவீதியில் ஜவுளி மொத்த வியாபாரம் செய்கிறார். தம்பி இதைப் போய் அவரிடம் புலம்பியிருக்கிறார். அண்ணன் சிரித்துவிட்டாராம்.

"நம்ம கடையில என்ன வழக்கம்? பேரம் முடியற வரைக்கும் சரக்குக் கொண்டாந்தவன்கிட்ட ஒரு டீகூட வாங்கிக் குடிக்கறதில்லை. குடிச்சா அப்புறம் நம்ம நாக்கு அவனுக்காகப் பேச ஆரம்பிச்சுரும். நீங்க டாக்டருங்க, பேரம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே பிரியாணியே சாப்பிட்டுடறீங்களே தம்பி."

ஜவுளிக்கடைக்காரருக்குத் தெரிந்த இந்தப் பாடம் மருத்துவப் படிப்பில் எந்த வருடத்தில் வருகிறது?

அந்தப் பேச்சில் பிறந்ததுதான் போன ஞாயிற்றுக்கிழமை வகுப்பு. கம்பெனி கிடையாது, ஹோட்டல் கிடையாது, பை கிடையாது. டாக்டர்களே கைக்காசு போட்டு, பழைய மாத்திரைகளை ஒழுங்காக எழுதுவது எப்படி என்று படிக்கப் போகிறார்கள். உள்ளூர் டாக்டர்கள் சங்கத்தின் தலைவர் டாக்டர் நாச்சிமுத்துவிடம் சிராஜ் அனுமதி கேட்கப் போனபோது நானும் கூடப் போனேன். அவர் புதுச்சத்திரத்து விவசாயக் குடும்பம். கிளினிக் ஒரு பக்கம், கோழிப்பண்ணை ஒரு பக்கம்.

"ஏனுங்க டாக்டரே, நாமளே காசு போட்டு நாமளே பாடங் கேக்கறதுங்களா? கண்ணாலத்துக்குப் போயி, சாப்பாட்டுக்கு டோக்கன் வாங்குன மாதிரி இருக்குதுங்களே" என்றார். ஆனால் வேண்டாம் என்று சொல்லவில்லை. நல்ல மனுஷன். முதல் ஆளாகத் தன் பங்கையும் கொடுத்தார்.

ஏற்பாடு ஆரம்பித்த பிறகுதான் ஒரு உண்மை தெரிந்தது. இத்தனை வருடம் கூட்டம் நடத்தியது டாக்டர்கள் இல்லை. மருந்துக் கம்பெனிகளின் மெடிக்கல் ரெப்கள். பேனர் அவர்கள், மைக் அவர்கள், பேச வருபவரை அழைத்து வருவது அவர்கள், 'சார், ஞாயித்துக்கிழமை மறந்துடாதீங்க' என்று மூன்று முறை போன் செய்வதும் அவர்கள். டாக்டர்களுக்குத் தெரிந்தது வந்து உட்காருவது மட்டும்.

பேனர் கடைக்காரர் ஃபிளெக்ஸை அடித்துக் கொடுத்தார். பிரித்துப் பார்த்தால் கீழே மூன்றில் ஒரு பங்கு வெள்ளையாக இருக்கிறது. "அது கம்பெனி லோகோவுக்கு சார். எப்பவும் கடைசி நேரத்துலதான் வரும், அதான் இடம் உட்டு வச்சேன்" என்றார். லோகோ வராது என்று சிராஜ் சொன்னதும் அவருக்கு இவர்மேல் பரிதாபம் வந்துவிட்டது. ஒரு கம்பெனிகூடக் கிடைக்காத டாக்டர் எவ்வளவு சுமாரான டாக்டராக இருக்க வேண்டும்?

அந்த வெள்ளைப் பேனருக்கு அடியில்தான் இருபத்திரண்டு பேரும் புரொஜெக்டரைச் சுற்றி நின்றார்கள். அப்போது கேட்டுக்கு வெளியே ஒரு பைக் நின்றது. செல்வராஜ். இருபது வருடமாக இந்த ஊரில் ரெப். அந்தப் புது மாத்திரையை விற்பவரே அவர்தான். மார்க்கெட் போகும் வழியில் இத்தனை டாக்டர் கார்களைப் பார்த்ததும் தனக்குத் தெரியாமல் எந்தக் கம்பெனி கூட்டம் போடுகிறது என்று பதறிப்போய் இறங்கியிருக்கிறார்.

உள்ளே வந்தார். நிலைமையைப் பார்த்தார். கை தானாக ஒயரை நோக்கிப் போனது.

"வேண்டாம் செல்வராஜ்" என்றார் சிராஜ். "இது கம்பெனி இல்லாத கூட்டம்."

"இன்னைக்கு ஞாயித்துக்கிழமைங்க சார். இன்னைக்கு நானும் கம்பெனி இல்லைங்க, வெறும் செல்வராஜ்தான்."

இதற்கு ஒரு விவாதம் நடந்தது பாருங்கள். ரெப் ஸ்விட்ச் போட்டால் அது ஸ்பான்சரில் சேருமா, சேராதா? இதய டாக்டர் சேராது என்றார். மயக்க டாக்டர், ஒயர் யாருடையது என்பதைப் பொறுத்தது என்றார். செல்வராஜ் தன் பையிலிருந்து எடுத்த ஒயரை எல்லாரும் பார்த்தார்கள்.

"இது யாருது செல்வராஜ்?" என்றார் சிராஜ்.

"எம் பொண்ணோடதுங்க சார். காலேஜ் புராஜெக்டுக்கு வாங்கினது."

புரொஜெக்டர் எரிந்தது. மனசாட்சியும் பிழைத்தது.

அடுத்த பிரச்சினை, பாடம் எடுக்க வேண்டியவரைக் காணோம். ஆத்தூர்ப் பக்கத்து அரசு ஆஸ்பத்திரியில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வுபெற்ற டாக்டர் மங்கையர்க்கரசி. நாலைந்து பேர் கேட்டில் நின்று ரோட்டில் வருகிற ஒவ்வொரு காரையும் பார்க்கிறார்கள். பத்து மணி. பத்தேகால். கடைசியில் பின்வரிசையில் தண்ணீர் பாட்டிலோடு உட்கார்ந்திருந்த ஒரு பெண்மணி எழுந்து, "நீங்க என்னைத்தான் தேடறீங்கன்னு நினைக்கிறேன்" என்றார். "ஒன்பது மணிக்கே பஸ்ல வந்துட்டேன். யாரும் எதுவும் கேக்கலை. வகுப்புன்னு சொன்னாங்க, உக்காந்துட்டேன்."

பேச வருகிறவர் காரில்தான் வருவார், பூங்கொத்து வாங்கிய பிறகுதான் உட்காருவார் என்பதும் ஒரு பாடம்தானே? அதையும் கம்பெனிதான் சொல்லிக்கொடுத்திருந்தது.

அந்த அம்மா பேசியதில் படம் குறைவு, கேள்வி அதிகம். "உங்க நோயாளி மாத்திரையைத் தினமும் போடறாரான்னு எப்படிக் கண்டுபிடிப்பீங்க?" என்று ஆரம்பித்தார். ரத்தப் பரிசோதனை என்றார் ஒருவர். "அதுக்கு முன்னாடி, தீர்ந்துபோன அட்டையைக் கொண்டுவரச் சொல்லுங்க. எண்ணிப் பாருங்க. வாய் பொய் சொல்லும், மரியாதைக்காகச் சொல்லும். அட்டை சொல்லாது." சிராஜ் தலையைக் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார். நானும் குனிந்திருந்தேன். எழுதத்தான் என்னிடம் நோட்டு இல்லை.

பிறகு ஒரு கேள்வி கேட்டார். "ஒரு கம்பெனி வந்து இது புதுசு, இது நல்லதுன்னு சொன்னா, அதை அப்படியே எடுத்துக்காம, சொந்தமாச் சோதிச்சுப் பாத்துட்டு முடிவு பண்றவங்க யாராவது இருக்கீங்களா?"

நாச்சிமுத்து மட்டும் கை தூக்கினார்.

"நானுங்க. ஆனா கோழிக்குங்க."

எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்துக்கொண்டே சொன்னார். "தீவன மருந்துக்காரங்களும் ஹோட்டல்ல கூட்டம் போடறாங்கல்லீங்க? போவேன், நல்லாச் சாப்பிடுவேன். ஆனா அவங்க சொன்ன மருந்த மொதல்ல ஒரு ஷெட்டுக்குத்தான் குடுப்பனுங்க. பக்கத்து ஷெட்டுக்குப் பழசேதான். ரெண்டையும் ஒரு மாசம் பக்கத்துல வச்சுப் பாத்துட்டுத்தான் மேக்கொண்டு வாங்கறதுங்க."

"நல்ல முறை டாக்டர். கோழிக்கு மட்டும் ஏன் அவ்வளவு கவனம்?" மங்கையர்க்கரசி அம்மா சாதாரணமாகத்தான் கேட்டார்.

"கோழி செத்தா நட்டம் எனக்குத்தானுங்களே..."

சொல்லிவிட்டார். சொன்ன பிறகுதான் சொன்னது அவர் காதிலேயே விழுந்தது. சிரிப்பு நின்றுவிட்டது. அவர் மெதுவாக உட்கார்ந்தார். மதியம் தக்காளி சாதப் பொட்டலம் வருகிற வரைக்கும் எழுந்திருக்கவில்லை.

நன்றியுரை என் தலையில். மேடையேறிய பிறகுதான் நன்றி சொல்ல ஆளே இல்லை என்று உறைத்தது. வழக்கமாகக் கம்பெனிக்குச் சொல்வோம், அவர்களுடைய மேனேஜருக்குச் சொல்வோம். இங்கே யாருக்குச் சொல்ல? எல்லாரும் அவரவர் காசில் படித்து, அவரவர் காசில் தக்காளி சாதம் சாப்பிட்டவர்கள். செல்வராஜின் மகளுக்கு நன்றி சொல்லிவிட்டு இறங்கினேன்.

ஒரு எச்சரிக்கை. புது மாத்திரை கெட்டது என்று நான் சொன்னதாகக் கிளப்பிவிடாதீர்கள். அது சிலருக்குத் தேவை. என்னைப் படித்துவிட்டு மாத்திரையை நிறுத்தினால், அப்புறம் என் பெயரைச் சொல்லித்தான் ஆஸ்பத்திரியில் சேருவீர்கள். ஆனால் வாங்க முடியாதவர் கையில் அது பாதி மருந்து. பாதி மருந்தை யாரும் மேடையில் படம் போட்டுக் காட்டுவதில்லை.

முந்தாநாள் எனக்கு டோக்கன். பெஞ்சில் பழனியம்மாள். விரல் தப்பித்துவிட்டது, ஒரு மாதம் ஊசி, கட்டு என்று போராடிக் காப்பாற்றிவிட்டார்கள். செருப்பு மாட்டாமல் மெல்ல மெல்ல நடக்கிறார். நான் வாயைத் திறக்காததற்கு அவர் கொடுத்த விலை அந்தக் கட்டு. அதை அவரிடம் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவருக்கு நான் எதற்குக் கேட்கிறேன் என்றே பிடிபடவில்லை. "சொல்ல வேண்டாம்னு சொன்னதே நானுங்களே" என்றார்.

உள்ளே போய்விட்டு, சீட்டோடு வெளியே வந்தார். முகம் வாடியிருந்தது.

"ஏனுங்க சாமி, டாக்டரு என்னையக் கைய உட்டுட்டாருங்களா?"

"ஏங்க அப்படிக் கேக்கறீங்க?"

"பழைய மாத்தரையவே எழுதியிருக்காருங்க. தீந்த அட்டையக் கொண்டாந்து காட்டோணுமாமுங்க. இனி இவளுக்கு நல்ல மாத்தரை எதுக்குன்னு நெனச்சுப் போட்டாருங்களோ என்னமோ..."

விலை குறைந்தால் அக்கறையும் குறைந்துவிட்டது என்று அர்த்தம். இந்தப் பாடத்தை அவருக்கு எந்தக் கம்பெனி நடத்தியது?

"அப்படியெல்லாம் இல்லைங்க. உங்களுக்கு இதுதான் சரின்னு தெரிஞ்சுக்கிட்டு எழுதியிருக்காரு. இதுக்குன்னே போன ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூடத்துல உக்காந்து ஒரு நாள் முழுக்கப் படிச்சாரு."

"டாக்டருங்களா? பள்ளிக்கூடத்துலயா?" நம்பாமல் என்னைப் பார்த்தார். "இத்தன வருசம் வைத்தியம் பாத்துப் போட்டு, இன்னுமா படிக்கோணும்?"

"ஆமாங்க. புதுசு புதுசா வந்துக்கிட்டே இருக்கில்ல? டாக்டர்கள் கடைசி வரைக்கும் படிக்கணும். எத்தனையோ வருஷமா அப்படித்தான் படிக்கறாங்க."

அவர் முகம் தெளிந்தது. தெளிந்த கையோடு இன்னொரு கவலை வந்து உட்கார்ந்தது. "எம் பையனை நாமக்கல்லுப் பக்கம் பள்ளிக்கூடத்துல சேத்தப்ப எங் காதுத் தோடே போச்சுங்க. படிப்புன்னா சும்மாவா? பாவமுங்க... இத்தன வருசமா இவிங்களுக்கெல்லாம் ஃபீஸு யாருங்க கட்டறாங்க?"

அட்டை அட்டையாக நீங்கள்தான் அம்மா கட்டிக்கொண்டிருந்தீர்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.